பாரசீக வெள்ளிக்காசுகளும் ஒரு மாணவியின் கையெழுத்தும்



பள்ளி விடுமுறை வந்தால் அலமாரியிலிருந்து ஒரு சிறு மரப்பெட்டியை எடுத்துத் திறந்து வைத்துக்கொண்டு அமர்வது என் வழக்கம். அதனுள் பதினொரு வெள்ளிக்காசுகள் உள்ளன. எல்லாம் பழைய பாரசீகத்தில், அதாவது இன்றைய ஈரானையும் அதன் சுற்றுப்புறங்களையும் ஆண்ட பேரரசுகளில் அச்சிடப்பட்டவை. "தமிழ் வாத்தியாருக்கும் பாரசீகக் காசுக்கும் என்னங்க தொடர்பு?" என்று என் துணைவியார் பலமுறை கேட்டிருக்கிறார். சிரித்து மழுப்பியிருக்கிறேனே தவிர, ஒழுங்காக விடை கூறியதில்லை. இக்கட்டுரை அதற்கான விடை. இதில் ஆசிரியன் என்ற முறையில் நான் செய்த பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது.

முதற்காசு

பல ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரில் நடைபெற்ற ஒரு நாணயக் கண்காட்சிக்கு நண்பர் ஒருவருடன் சென்றிருந்தேன். மலாயா, பிரித்தானிய போர்னியோ காலத்துக் காசுகளைப் பார்ப்பதே நோக்கம். ஒரு மேசையின் மூலையில், ஐம்பது காசு அளவைவிடச் சற்றே பெரியதாக, தாள்போல் மெல்லியதாக ஒரு வெள்ளித்தகடு கிடந்தது. சாசானிய மன்னர் இரண்டாம் குஸ்ரோவின் திராக்மா என்றார் கடைக்காரர். விலை 280 ரிங்கிட். 1,400 ஆண்டுப் பழமையான ஒரு பொருள் அந்த விலைக்குக் கிடைக்குமா என்ற வியப்பிலேயே வாங்கிவிட்டேன். அம்மன்னர் 590 முதல் 628 வரை ஆண்டவர். பல நகரங்களில் மிகப் பெருந்தொகையாகக் காசு அச்சிட்டவர். எனவேதான் அவர் காசுகள் இன்றும் எளிதில் கிடைக்கின்றன என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

காசின் எடை ஏறத்தாழ 4 கிராம். ஒரு பக்கத்தில் சிறகு வைத்த மகுடம் அணிந்த மன்னரின் முகம். மறுபக்கத்தில் எரியும் தீ மேடை. அதன் இருபுறமும் காவலர் இருவர். சாசானியர் சரதுஷ்டிர சமயத்தைப் பின்பற்றியவர்கள். தீ அவர்களுக்குப் புனிதமானது. காசின் ஓரங்களில் பிறையும் விண்மீனும். தீ மேடையின் இரு பக்கத்திலும் எறும்பு ஊர்ந்தாற்போல் சில எழுத்துகள்.

அவ்வெழுத்துகளே என்னைப் பிடித்துக்கொண்டன. அவை பகலவி எழுத்துகள். கற்க முயன்றால் தலை சுற்றும். காசில் ‘வ’வும் ‘ந’வும் ‘ர’வும் ஒரே வடிவில் இருக்கும்! போதாக்குறைக்கு, பல சொற்களை அரமேய மொழியில் எழுதிப் பாரசீகத்தில் படிப்பார்கள். ‘மல்கா’ என்று எழுதியிருக்கும்; ‘ஷா’ என்று படிக்க வேண்டும். பழைய தமிழ் ஆவணங்களில் வருடத்திற்கும் மாதத்திற்கும் ஒரு குறியை மட்டும் எழுதி முழுச்சொல்லாகப் படித்தார்களே, ஏறத்தாழ அதைப்போல.

ஒரு மாத காலம் இரவுதோறும் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு அமர்ந்தேன். இடப்பக்கத்தில் இருந்தது ஆண்டு: ‘பஞ்ச்-சிஹ்’, அதாவது ‘ஐந்து முப்பது’, முப்பத்தைந்து. வலப்பக்கத்தில் இருந்தது அச்சிட்ட ஊரின் சுருக்கம்: பார்ஸ் மாநிலத்துத் தாராப்கெர்து. ஆக, என் கையிலிருந்த காசு குஸ்ரோவின் 35ஆம் ஆட்சியாண்டில், 624 அல்லது 625இல், அச்சிடப்பட்டது. அக்காலத்தில் பைசாந்தியப் பேரரசர் ஹெராக்ளியஸ் பாரசீகத்தின்மேல் படையெடுத்துக்கொண்டிருந்தார். 628இல் குஸ்ரோ சொந்த மகனாலேயே வீழ்த்தப்பட்டுக் கொல்லப்பட்டார். எழுத்தைப் படிக்கும்வரை அது வெறும் வெள்ளித்தகடு. படித்த பின்னரோ வரலாற்றின் ஒரு நாள்! அன்று முதல் ‘படிக்கக்கூடிய காசு’ என்பதே நான் காசு வாங்கும் அளவுகோலாயிற்று.

எழுத்தில்லாக் காசு

பாரசீக வெள்ளிக்காசின் வரலாறு எழுத்தில்லாமலே தொடங்குகிறது. கி.மு. 522 முதல் 486 வரை ஆண்ட முதலாம் டேரியஸ் காலத்தில் ‘சிக்ளோஸ்’ என்னும் காசு வெளிவந்தது. எடை ஐந்தரைக் கிராம் அளவு. இருபது சிக்ளோஸ் கொடுத்தால் ‘டாரிக்’ என்னும் பொற்காசு ஒன்று கிடைக்கும். முகப்பில் வில்லேந்தி முழங்காலிட்டு ஓடும் மன்னர். பின்புறத்தில் நீள்சதுரப் பள்ளம் ஒன்று மட்டும். பெயரில்லை, ஆண்டில்லை, ஊரில்லை.

இக்காசுகள் பெரும்பாலும் பேரரசின் மேற்கு எல்லையில், இன்றைய துருக்கியில் உள்ள சார்திஸ் போன்ற இடங்களில் அச்சிடப்பட்டு அங்கேயே புழங்கின. 1933இல் பெர்செபோலிஸ் அரண்மனையின் அடித்தளத்தில் டேரியஸ் புதைத்து வைத்த பொன், வெள்ளிப் பட்டயங்கள் கிடைத்தன. அவற்றோடு இருந்த காசுகள் லிதிய மன்னர் குரோசஸின் வகையையும் கிரேக்க நகரங்களையும் சேர்ந்தவை. டேரியஸின் வில்லாளிக் காசு ஒன்றுகூட அங்கில்லை. அப்பட்டயங்கள் புதைக்கப்பட்ட பின்னரே வில்லாளிக் காசு தோன்றியிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுவதற்கு இதுவே அடிப்படை.

எழுத்தில்லாததால் சிக்ளோஸ் ஒன்றைக் கையில் எடுத்து, ‘இது இந்த மன்னருடையது’ என்று உறுதியாகச் சொல்வது கடினம். வில்லாளி அம்பு எய்கிறாரா, ஈட்டி பிடித்திருக்கிறாரா, குத்துவாள் பிடித்திருக்கிறாரா என்று பார்த்துக் காலத்தைக் கணிக்கிறார்கள். படம் பேசும், ஆனால் பெயர் சொல்லாது.

ஒரே காசில் இரண்டு எழுத்துகள்

அலெக்சாண்டரின் படையெடுப்புக்குப்பின் ஈரான் கிரேக்கர் வழிவந்த செலூக்கியர் ஆட்சியில் இருந்தது. அவர்களிடமிருந்து நாட்டைக் கைப்பற்றியவர்கள் பார்த்தியர். ஆட்சி மாறினாலும், வணிகர்கள் பழகிப்போன கிரேக்க எழுத்தையே பார்த்தியரும் தம் காசில் பொறித்தனர். ‘மன்னர்க்கு மன்னர்’, ‘நீதிமான்’, ‘கிரேக்கரின் நண்பர்’ என்றெல்லாம் அழகிய கிரேக்கத்தில் வரிகள் இருக்கும்.

என் இரண்டாவது காசு இவ்வகையைச் சேர்ந்தது. 147 முதல் 191 வரை ஆண்ட நான்காம் வொலகேசஸின் திராக்மா. எடை மூன்றரைக் கிராம் அளவு. பின்புறத்தில் வில்லேந்தி அமர்ந்த ஓர் உருவம்; அதைச் சுற்றிச் சதுரமாக எழுத்து வரிகள். கிரேக்க நெடுங்கணக்கு எனக்கு ஓரளவு தெரியும். ‘இது எளிது’ என்று மகிழ்ந்து உட்கார்ந்தேன்.

மூன்று இரவுகள் முயன்றும் ஒரு சொல்கூடக் கிட்டவில்லை. கோடுகள் இருந்தன, புள்ளிகள் இருந்தன, வரிசையும் ஒழுங்கும் இருந்தன. சொல் மட்டும் இல்லை. போலிக்காசை வாங்கி ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். நாணயவியல் நூல் ஒன்றைப் புரட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. காசு போலியன்று. அதைச் செதுக்கியவருக்குக் கிரேக்கம் தெரியாது!

இது எப்படி நிகழ்ந்தது? காசடிக்கும் அச்சினைச் செதுக்குபவர், முந்தைய காசைப் பார்த்துப் புதிய அச்சினைச் செதுக்குவார். முதல் தலைமுறைச் செதுக்குநருக்கு மொழி தெரியும். அடுத்தவர் எழுத்து மட்டும் அறிந்தவர். அதற்கடுத்தவருக்கு அதுவும் தெரியாது. கண்ணில் பட்ட கோட்டை அப்படியே வரைவார். ஒவ்வொரு கையிலும் ஒரு கோடு குறையும். ஒரு வளைவு நேராகும். இரு நூற்றாண்டுகளில் ‘நீதிமான்’ என்ற சொல் வேலிக்குச்சிகளாகிவிட்டது. ஆயினும் கடைத்தெருவில் எவரும் அக்காசை மறுக்கவில்லை. எடை சரியாக இருந்தது; பார்வைக்குப் பழைய காசுபோலவே இருந்தது. எழுத்தைப் படித்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

அதே காசின் மேல்வரி மட்டும் வேறு. அது பார்த்திய மொழிக்குரிய எழுத்தில் அமைந்தது. மன்னரின் பெயர் அதில் தெளிவாக இருக்கிறது. 51 முதல் 78 வரை ஆண்ட முதலாம் வொலகேசஸ் காலத்தில்தான் தம் சொந்த எழுத்தைக் காசில் பொறிக்கும் வழக்கத்தைப் பார்த்தியர் தொடங்கினர். ஆக, ஒரே காசில் இரண்டு எழுத்துகள்: ஒன்று படிக்கத் தெரிந்தவர் எழுதியது, மற்றொன்று படிக்கத் தெரியாதவர் வரைந்தது. இரண்டையும் செதுக்கியது ஒரே கையாகக்கூட இருக்கலாம்.

மாறாத முகம்

224இல் முதலாம் அர்தஷிர் பார்த்தியரை வென்று சாசானியப் பேரரசை நிறுவினார். தொடக்கம் முதலே அவர் காசுகளில் நல்ல பகலவி எழுத்து உண்டு. முதலாம் கவாத்தின் ஆட்சியில், ஆறாம் நூற்றாண்டு பிறந்த காலமளவில், ஆட்சியாண்டும் ஊர்ச்சுருக்கமும் முறையாக இடம்பெறத் தொடங்கின. உலகின் பழைய காசுகளுள் இந்த அளவுக்கு விவரம் தருபவை மிகச் சிலவே.

651இல் கடைசி மன்னர் மூன்றாம் யஸ்தெகெர்து கொல்லப்பட்டதோடு சாசானியப் பேரரசு முடிவுற்றது. அரபியர் ஆட்சி வந்தது. உடனே காசு மாறியதா? இல்லை! புதிய ஆளுநர்கள் அதே குஸ்ரோவின் முகத்தையும் தீ மேடையையும் வைத்தே காசடித்தனர். தங்கள் பெயரைப் பகலவி எழுத்தில் பொறித்து, ஓரத்தில் ‘பிஸ்மில்லா’ என்று அரபியில் சேர்த்தனர். மக்களுக்குப் பழகிய காசு தேவை. அக்காசுச்சாலைகளில் பகலவி படித்த கைகளும் இன்னும் இருந்தன.

இவ்வகைக் காசுகளைப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ‘26’ என்று ஆண்டு இருந்தால் அது ஹிஜ்ரி ஆண்டாக இருக்கலாம். 632இல் தொடங்கும் யஸ்தெகெர்து ஆண்டாக இருக்கலாம். அவர் மறைந்த 651இலிருந்து எண்ணும் ஆண்டாகவும் இருக்கலாம். எழுத்தறிவு மட்டும் போதாது, சூழலறிவும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஹிஜ்ரி 79இல், அதாவது 698-699இல், கலீபா அப்துல் மாலிக் உருவங்களை நீக்கி, முழுவதும் அரபி எழுத்தாலான வெள்ளித் திர்ஹத்தை வெளியிட்டார். ஆனால் காஸ்பியன் கடலோர மலைநாடான தபரிஸ்தானில் குஸ்ரோவின் முகமும் பகலவி எழுத்தும் எட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை காசில் நிலைத்தன.  அங்கு அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருந்தார்கள்.

கதையான காசும் தூண்டில் காசும்

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் பெரோஸ் என்னும் சாசானிய மன்னர், ஹெப்தலைட்டுகள் எனப்படும் வெள்ளை ஹூணர்களிடம் தோற்றுச் சிறைப்பட்டார். முப்பது கோவேறு கழுதைச் சுமை வெள்ளிக்காசு மீட்புப் பணமாகக் கேட்கப்பட்டது என்றும், முழுவதும் செலுத்த இயலாமல் தம் மகன் கவாத்தைப் பிணையாக விட்டார் என்றும் வரலாறு கூறுகிறது. 484இல் அதே எதிரியோடு மீண்டும் போரிட்டு மாண்டார். அவ்வாறு கிழக்கே சென்ற காசுகளைப் பார்த்து ஹூணர்களும் காசடித்தனர். அவ்வழக்கம் இந்தியாவின் குஜராத், ராஜஸ்தான் பகுதிகளுக்கும் பரவியது. அங்கே பல நூற்றாண்டுகள் பார்த்துப் பார்த்து அடிக்கப்பட்டதில், பெரோஸின் முகம் சில கோடுகளாகவும் தீ மேடை புள்ளிக் குவியலாகவும் சுருங்கின. வெள்ளியும் குறைந்துகொண்டே வந்தது. ‘கதையா பைசா’ என்று பெயர்பெற்ற அக்காசைக் கையில் வைத்திருந்தவர்களுள் எத்தனை பேருக்கு அது ஒரு மன்னரின் முகம் என்று தெரிந்திருக்கும்?

நம் பக்கத்திற்கும் ஒரு பாரசீகக் காசு வந்தது. தென் ஈரானில் லார் என்னும் நகரம் உண்டு. அதன் பெயரால் ‘லாரி’ எனப்பட்ட காசு, வெள்ளிக்கம்பியை இரண்டாக மடித்து, அதன்மேல் முத்திரை அடித்தது. இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் அது பெரிதும் புழங்கியது. இன்றும் மாலத்தீவில் நூறு ‘லாரி’ சேர்ந்தால் ஒரு ரூபியா. இலங்கையில் அக்கம்பியைத் தூண்டில்முள்போல் வளைத்துப் பயன்படுத்தினர். 17ஆம் நூற்றாண்டில் கண்டி நாட்டில் பல ஆண்டுகள் சிறையிருந்த ராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியிட்ட தம் நூலில், இக்காசை மக்களே செய்துகொள்ளலாம் என்றும், விரும்பிய முத்திரையை அதில் பதித்தார்கள் என்றும் எழுதியுள்ளார். எழுத்துப்போல் தோன்றினால் போதும். எழுத்தாக இருக்க வேண்டியதில்லை!

என் பிழை

இனி, தொடக்கத்தில் கூறிய பிழைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். அமைதியான பிள்ளை. முத்து முத்தான கையெழுத்து. பார்த்தெழுதுதல் பயிற்சியில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் ஏட்டில் பக்கத்திற்குப் பக்கம் மூன்று நட்சத்திரம் இட்டிருக்கிறேன். மற்ற வகுப்பு ஆசிரியர்களிடமும் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஒருநாள் அவசரத்தில் வெண்பலகையில் ‘பள்ளி’ என்பதைப் ‘பல்ளி’ என்று எழுதிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். "ஐயா, எழுத்துப் பிழை!" என்று நான்கைந்து குரல்கள். நானும் சிரித்துத் திருத்தினேன். ஏடுகளைத் திருத்தும்போது அவள் ஏட்டில் மட்டும் ‘பல்ளி’ இருந்தது. மிக அழகாக இருந்தது. அருகில் அழைத்து அவள் எழுதிய வரியையே படிக்கச் சொன்னேன். தலை குனிந்து நின்றாள். முதல் எழுத்தைச் சொன்னாள். அடுத்ததற்கு என் முகத்தைப் பார்த்தாள். கண்கள் நிறைந்துவிட்டன.

மறுநாள் அவள் தாயாரை அழைத்துப் பேசினேன். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தார். "ஏடெல்லாம் நெறஞ்சிருக்குங்க ஐயா. நீங்களும் ஸ்டார் போட்டிருந்தீங்க. நல்லா படிக்கிறான்னுதான் நெனச்சேன்," என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

அன்றிரவு பெட்டியைத் திறந்து வொலகேசஸின் காசை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எடை சரியாக இருந்தது, பார்வைக்கு நன்றாக இருந்தது, அதனால் கடைத்தெரு ஏற்றுக்கொண்டது. நானும் அந்தக் கடைத்தெருவாகத்தான் இருந்திருக்கிறேன். ஏடு நிறைந்திருந்தது, எழுத்து அழகாக இருந்தது, அதனால் ஏற்றுக்கொண்டேன். படிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

அதன்பின் ஓய்வு நேரத்திற்கு முன் நாள்தோறும் பதினைந்து நிமிடம் அவளோடு அமர்ந்தேன். பார்த்தெழுதுவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் நடந்த ஒன்றை அவள் ஒரு வரியில் சொல்வாள், நான் எழுதுவேன், அவள் படிப்பாள். சில வாரங்களில் அவளே எழுதத் தொடங்கினாள். கையெழுத்து சற்றுக் கோணலாயிற்று. நான் கவலைப்படவில்லை. சொல்லை அறிந்து எழுதும் கை தொடக்கத்தில் தயங்கத்தான் செய்யும்.

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்

பிள்ளைகளோடு காசு சேர்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். பழைய வெள்ளிக்காசைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள்; எழுத்துத்தான் முதலில் போகும். கீழே விழாமல் பாருங்கள். நெடுங்காலம் மண்ணில் கிடந்த வெள்ளி கண்ணாடிபோல் முறியும். மென்மையான பி.வி.சி. உறைகளைத் தவிருங்கள், நாளடைவில் காசில் பச்சைப் படலம் படியும். விளிம்பில் ஒட்டுக்கோடும் பரப்பில் நுண்குமிழிகளும் இருந்தால் அது வார்த்தெடுத்த போலியாக இருக்கலாம். உண்மைக்காசு சம்மட்டியால் அடிக்கப்பட்டது. எங்கிருந்து வந்தது என்று சொல்ல இயலாதவரிடம் வாங்காதீர்கள். புதையலிலிருந்து களவாக எடுத்துச் சிதறடிக்கப்பட்ட காசு தன் வரலாற்றில் பாதியை இழந்துவிடுகிறது. 1959இல் சீனாவின் சின்ஜியாங் பகுதியில், வூச்சியா என்னுமிடத்தில், 947 வெள்ளிக்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. சாசானியக் காசும் அரபு-சாசானியக் காசும் ஒன்றாக இருந்ததால்தான் அவை எக்காலத்தில் அவ்வழியே சென்றன என்று அறிய முடிந்தது.

முக்கியமான குறிப்பு ஒன்று. பழங்காசு வாங்கப் பணம் தேவையில்லாத தொடக்கமும் உண்டு. சிங்கப்பூர்க் காசு ஒன்றை எடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். அதில் நான்கு மொழிகளில் நாட்டின் பெயர் இருக்கும். நம் மொழியும் அதில் ஒன்று. "இதில் என்ன எழுதியிருக்கிறது, படி" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள்.

அந்த ஆண்டின் கடைசிப் பள்ளி நாளில் அம்மாணவியிடம் அப்படியொரு காசைத்தான் கொடுத்தேன். வகுப்பில் அவள் முதல் மாணவியாகிவிடவில்லை, நடுவில்தான் இருந்தாள். காசைக் கண்ணருகே பிடித்து, "சி... ங்... க... ப்... பூ... ர்" என்று ஒவ்வொன்றாகக் கூட்டினாள். பிறகு ஒரே மூச்சில் "சிங்கப்பூர்!" என்றாள். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் ஐயா இவ்ளோ சின்னதா எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள்.

சின்னதாக இருந்தால் என்னம்மா, படிக்க நீ இருக்கிறாயே என்றேன்.

உங்கள் பிள்ளையின் ஏடு நிறைந்திருந்தால் மகிழுங்கள். ஆனால் இன்றிரவே அதில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆசிரிய நண்பர்களே, நட்சத்திரம் இடுவதற்கு முன் நாமும் கேட்போம்.